ரவுட்டரின் லேன் போர்ட் வேலை செய்யவில்லையா? புதியது வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வீட்டில் வைஃபை ஒழுங்காக வேலை செய்கிறது. கைப்பேசியில் படம் தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் ரவுட்டரில் கேபிள் வழியாக இணைத்த மேசைக் கணினி மட்டும் ‘நெட்வொர்க் கேபிள் இணைக்கப்படவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. கேபிளைக் கழற்றிப் பக்கத்து போர்ட்டில் செருகினால் சில நேரம் உயிர் வருகிறது. சில நேரம் நான்கு போர்ட்டுகளிலும் அசைவே இல்லை. இந்த நிலையில் பலரும் ‘ரவுட்டர் போய்விட்டது’ என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கிவிடுகிறார்கள். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் கேபிளின் முனை, கணினியின் போர்ட், ரவுட்டரின் மின் அடாப்டர், அமைப்புப் பக்கத்தில் எப்போதோ மாற்றப்பட்ட ஒரு தேர்வு ஆகிய எதில் கோளாறு வந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். உண்மையான காரணத்தைப் பிரித்தறிய ஒரு மணி நேரமும், நன்றாக இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு சிறிய லேன் கேபிளும் போதும்.

சோதனைக்குள் இறங்கும் முன், ரவுட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பின்னால் காணும் அறிகுறிகள் எல்லாம் தாமாகவே புரியும். வைஃபையைக் கவனித்துக்கொள்ளும் ரேடியோப் பகுதி வேறு; கேபிள் போர்ட்டுகளைக் கவனித்துக்கொள்ளும் ஸ்விட்ச் பகுதி வேறு. அதனால்தான் கேபிள் போர்ட்டுகள் அத்தனையும் செத்த பிறகும் வைஃபை எதுவும் நடக்காதது போல் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் நான்கு லேன் போர்ட்டுகளும், இணையம் உள்ளே வரும் வான் போர்ட்டும் ஒரே ஸ்விட்ச் சில்லில்தான் சேர்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது மென்பொருள்தான். விலை குறைந்த சில ரவுட்டர்களில் இந்த ஸ்விட்ச் தனிச் சில்லாகக்கூட இருப்பதில்லை, முதன்மைச் சில்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சில்லுக்கும் வெளியே தெரியும் போர்ட்டுக்கும் இடையில் கட்டைவிரல் நகம் அளவுள்ள சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. கேபிளில் வரும் சிக்னலை மட்டும் உள்ளே விட்டு, வேண்டாத மின்னழுத்தத்தைத் தடுப்பது அவற்றின் வேலை. ஈதர்நெட் தரவிதியின்படி இந்தத் தடுப்பு 1500 வோல்ட் வரை தாங்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் கேபிளில் தோன்றும் மின்னெழுச்சி அதைத் தாண்டிப் போய்விடக்கூடும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

விளக்கு சொல்வதைக் கேளுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது போர்ட்டுக்குரிய விளக்கை. சில ரவுட்டர்களில் அது போர்ட்டின் மேலேயே இருக்கும், சிலவற்றில் முன்பக்கத்தில் வரிசையாக இருக்கும். கேபிளின் இரு முனைகளையும் செருகி, மறுமுனையில் உள்ள கணினியை இயக்கிய சில நொடிகளில் விளக்கு எரிந்தாக வேண்டும். எரியவே இல்லை என்றால், இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்று பொருள். கோளாறு கேபிளிலோ போர்ட்டிலோ மின்சார அளவில் இருக்கிறது. கடவுச்சொல்லையும் ஐபி முகவரியையும் எவ்வளவு மாற்றினாலும் பயன் இருக்காது. விளக்கு எரிந்தும் இணையம் வரவில்லை என்றால், கம்பி வழி பெரும்பாலும் சரியாக இருக்கிறது, தேட வேண்டியது அமைப்புகளில். இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பவர்களே அதிக நேரத்தை இழக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரவில் கண்ணை உறுத்தாமல் இருக்க எல்லா விளக்குகளையும் அணைத்துவைக்கும் வசதி இப்போது பல ரவுட்டர்களில் உண்டு. சிலவற்றில் நான்கு போர்ட்டுகளுக்கும் சேர்த்து ஒரே விளக்குதான் இருக்கும். ஆகவே விளக்கு எரியாததை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், கணினி என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். விண்டோஸில் ஈதர்நெட் இணைப்பின் நிலைச் சாளரத்தைத் திறந்தால் இணைப்பு இருக்கிறதா, எந்த வேகத்தில் இருக்கிறது என்று தெளிவாகக் காட்டும். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் ஈத்டூல் கட்டளையைக் கொடுத்து அதே விவரத்தைப் பெறலாம். கணினியின் நெட்வொர்க் அடாப்டரையே யாராவது முடக்கிவைத்திருக்கிறார்களா என்பதையும் இந்த இடத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடையில் முனை போட்டே விற்கும் ஒரு மீட்டர் நீளப் பேட்ச் கேபிள் ஒன்றை எடுத்து, மடிக்கணினியை ரவுட்டரின் பக்கத்திலேயே வைத்து நேராக இணைத்துப் பாருங்கள். சுவருக்குள் ஓடும் கேபிளையும், இடையில் உள்ள சுவர் சாக்கெட்டையும், ஜாயின்ட்டையும் இந்தச் சோதனை ஒரேயடியாக விலக்கிவிடுகிறது. பேட்ச் கேபிளில் விளக்கு எரிந்தால் ரவுட்டரின் போர்ட் நன்றாக இருக்கிறது, குற்றவாளி பழைய கேபிள். எரியவில்லை என்றால் அதே பேட்ச் கேபிளை இரண்டாம், மூன்றாம், நான்காம் போர்ட்டுகளில் வரிசையாகச் செருகிப் பார்த்து, எவை உயிரோடு உள்ளன என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், நான்கு போர்ட், இரண்டு கேபிள், இரண்டு கணினி என்று கலந்த பிறகு எதை எதோடு சோதித்தோம் என்பதே குழம்பிவிடும். மடிக்கணினியில் லேன் போர்ட் இல்லாதவர்கள் யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்றைப் பயன்படுத்தலாம். மேசைக் கணினியின் போர்ட்டே கெட்டிருக்கிறதா என்று பார்க்கவும் அது உதவும்.

கேபிள் கோளாறு எவ்வளவு நுட்பமாக ஒளிந்துகொள்ளும் என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாடி அறைக்குப் போகும் கேபிள், கூடத்து அலுமினிய ஜன்னலின் ஓரமாக வெளியே சென்று மேலேறுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் மாடிக் கணினியின் இணைப்பு அறுந்துபோகும், காலையில் தானாக வந்துவிடும். பகல் வெப்பத்தில் சூடேறிய ரவுட்டர் மாலையில் திணறுகிறது என்றுதான் ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை, கொசுவுக்காக அம்மா ஜன்னலைத் தள்ளிச் சாத்திய அந்த நொடியில் ரவுட்டரின் மூன்றாம் விளக்கு அணைவதைக் கண்ணால் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் எரிகிறது, மூடினால் அணைகிறது. ஓடும் கண்ணாடிக் கதவின் விளிம்பு கேபிளை அழுத்திய இடத்தில் உறை நசுங்கி, உள்ளே ஆரஞ்சு இணையின் ஒரு கம்பி முறிந்து, மூடாதபோது மட்டும் முனையோடு முனை தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதிய கேபிள் இழுத்த பிறகு ரவுட்டருக்கு எந்தக் குறையும் இல்லை.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய இணைகளாக இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகள் போதும். கிகாபிட் வேகத்துக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும். ஆகவே நீலம் அல்லது பழுப்பு இணையில் ஒரு கம்பி அறுந்தால், சில கருவிகள் தாமாகவே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி இணைந்துகொள்ளும். சில கருவிகள் கிகாபிட்டுக்கு முயன்று முயன்று தோற்று, விளக்கு மின்னி மின்னி அணைந்தபடி இருக்கும். 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டிருந்தும் கேபிளில் 95க்கு மேல் ஏறவில்லை என்று சொல்பவர்கள் முதலில் நிலைச் சாளரத்தில் இணைப்பு வேகம் 100 என்று காட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். கருவிகள் இரண்டும் கிகாபிட் உடையவை என்றால், அது கேபிள் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே நேரத்தில், கிகாபிட் போர்ட் ஒன்றே ஒன்றும் மற்றவை 100 எம்பிபிஎஸ்ஸுமாக அமைந்த ஃபைபர் மோடங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் முதல் போர்ட்டுக்கு மாற்றினாலே வேகம் வந்துவிடும்.

முனையை நாமே கிரிம்ப் செய்வதாக, அதாவது கருவியால் அழுத்திப் பொருத்துவதாக இருந்தால், பிளாஸ்டிக் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று இரு முனைகளிலும் ஒரே வரிசையில் வைக்க வேண்டும். பச்சை இணை நடுவில் உள்ள நீல இணையைத் தாண்டிப் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். நிற வரிசை அழகாக இருக்கிறதே என்று இணை இணையாக அடுக்கிவிடுவதுதான் புதிதாகச் செய்பவர்களின் வழக்கமான தவறு. அப்படி அடுக்கிய கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் லேன் டெஸ்டரில் எட்டு விளக்கையும் சரியாகக் காட்டும். ஆனால் நீளம் கூடக்கூட இணைப்பு தள்ளாடும். கொக்கி உடைந்த முனை செருகியது போலவே தோன்றினாலும் அரை மில்லிமீட்டர் பின்வாங்கியிருக்கும். அதற்கு ஒட்டுநாடா சுற்றுவதைவிடப் புது முனை போடுவது மேல். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை வளைவுகளில் எளிதில் முறிகின்றன என்பதால், சுவருக்குள் போடும் கேபிளை முழுச் செம்பு என்று உறுதிசெய்து வாங்குவதே நல்லது.

போர்ட்டின் உள்ளேயும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். எட்டு மெல்லிய பொன்னிறக் கம்பிகளும் ஒரே சரிவில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தோ பக்கத்துக் கம்பியோடு ஒட்டியோ இருந்தால், முன்பு யாரோ கோணலாகச் செருகியதில் அது வளைந்திருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மெல்லிய ஊசியால் பொறுமையாக நிமிர்த்தலாம். கடலோர ஊர்களில் பச்சை படிந்த முனைகளைக் காணலாம். ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்ட சிறு தூரிகையால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மின்சாரம் கொடுங்கள்.

ரவுட்டரை அதனோடே இணைத்துப் பார்ப்பது

கணினியையும் நம்ப முடியவில்லை, வேறு கருவியும் கையில் இல்லை என்னும் நிலையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ரவுட்டரிலிருந்து எல்லாக் கேபிள்களையும், வான் கேபிள் உட்பட, கழற்றிவிடுங்கள். பேட்ச் கேபிளின் ஒரு முனையை முதல் லேன் போர்ட்டிலும் மறுமுனையை இரண்டாம் லேன் போர்ட்டிலும் செருகுங்கள். இக்காலக் கருவிகள் நேர்க் கேபிளையும் குறுக்குக் கேபிளையும் தாமாகவே கண்டுகொள்ளும் என்பதால் சாதாரணப் பேட்ச் கேபிளே போதும். இரண்டு விளக்குகளும் எரிந்தால் இரண்டு போர்ட்டுகளின் மின்பகுதியும் உயிரோடு இருக்கிறது. எரியவில்லை என்றால் ஒன்று-மூன்று, இரண்டு-மூன்று, ஒன்று-நான்கு என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்று-இரண்டும் ஒன்று-மூன்றும் எரியாமல் இரண்டு-மூன்று மட்டும் எரிந்தால், செத்தது முதல் போர்ட் என்று யாரிடமும் கேட்காமலே சொல்லிவிடலாம்.

இந்தச் சோதனையைச் சில நொடிகளுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம். ஒரே ரவுட்டரின் இரு போர்ட்டுகளை இணைப்பது ஒரு வட்டத்தை உண்டாக்கும். எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் தகவல் பொட்டலங்கள் அந்த வட்டத்தில் முடிவில்லாமல் சுற்றிப் பெருகி ரவுட்டரையே திணறடிக்கும். விளக்குகளைப் பார்த்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அதற்குள் ரவுட்டர் உறைந்துவிட்டால் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். தெரியாமலேயே இப்படி ஒரு வட்டத்தைச் செய்துவைத்திருக்கும் வீடுகளும் உண்டு. மேசைக்கடியில் தொங்கும் கேபிள் ஒன்றை ‘எங்கிருந்தோ கழன்றுவிட்டது’ என்று நினைத்துப் பக்கத்தில் உள்ள, லேன் போர்ட்டுகளைக் கூட்டித் தரும் ஸ்விட்ச் பெட்டியில் செருகிவிடுகிறார்கள். அதன் பிறகு போர்ட் விளக்குகள் எல்லாம் வெறித்தனமாக ஒரே தாளத்தில் மின்னும், இணையம் எங்குமே வராது. அந்தக் காட்சியைக் கண்டால் ரவுட்டரைக் குறை சொல்லும் முன் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது விளக்குகள் மின்னுவது அடங்குகிறது என்று பாருங்கள்.

விளக்கு எரிவது மட்டுமே போர்ட் முழு நலத்தோடு இருப்பதற்குச் சான்று ஆகாது. மின்னெழுச்சியில் பாதி அடிபட்ட போர்ட்டில் விளக்கு எரியும், தகவல் மட்டும் சிதைந்து வரும். பதில் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிங் கட்டளையை ரவுட்டரின் முகவரிக்கு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். கேபிள் வழியில் ஒரு பதில்கூடத் தவறக் கூடாது, நேரமும் ஒன்றிரண்டு மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். பதில்கள் அடிக்கடி தவறினால், கணினியின் அடாப்டர் அமைப்பில் வேகத்தைத் தானியங்கு நிலையிலிருந்து ‘100 எம்பிபிஎஸ் அரை டூப்ளெக்ஸ்’ என்று மாற்றிப் பாருங்கள். அப்போது ஒழுங்காக ஓடினால், அந்தப் போர்ட்டையோ கேபிளையோ மாற்றும் வரை காலம் தள்ள அது போதும். சோதித்து முடித்ததும் தானியங்கு நிலைக்குத் திருப்பி வைக்க மறக்க வேண்டாம்.

அடாப்டர்

நான்கு போர்ட்டுகளும் சேர்ந்தாற்போல் விட்டு விட்டு வேலை செய்தால், சில்லைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் ஓடிய அடாப்டரின் உள்ளே மின்தேக்கிகள் தளர்ந்து, சுமை ஏறும்போது 12 வோல்ட் கீழே சரியும். ஒரு போர்ட்டில் கேபிளைச் செருகும்போதெல்லாம் ரவுட்டர் மறுதொடக்கம் ஆவதும், இரண்டு கருவிகள் வரை சரியாக இருந்து மூன்றாவதைச் செருகியதும் எல்லாம் அணைவதும் இதன் அடையாளங்கள். மாற்று அடாப்டரின் வோல்ட் ரவுட்டரின் அடியில் அச்சிட்டதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் உள்பக்கம் நேர்மின்னா எதிர்மின்னா என்னும் சிறு படத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மின்வெட்டுக்காகச் சிறிய யூபிஎஸ் பெட்டி வழியாக ரவுட்டரை ஓட்டுபவர்கள், சோதனை நேரத்தில் அதை விலக்கி நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் இணைத்துப் பார்க்க வேண்டும். வயதான மின்கலத்தோடு ஓடும் அந்தப் பெட்டியும் இதே கோளாறைக் காட்டும்.

ஸ்விட்ச் சில்லு உறைந்துபோவதும் உண்டு. அமைப்புப் பக்கத்தில் கொடுக்கும் மறுதொடக்கத்தைவிட, பிளக்கைப் பிடுங்கி, எல்லா லேன் கேபிள்களையும் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி இயக்குவது அதற்கு ஏற்ற மருந்து.

விளக்கு எரிகிறது, இணையம் வரவில்லை

கணினியில் ஐபி முகவரி என்ன என்று பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், கேட்டும் யாரும் கொடுக்காததால் கணினி தனக்குத்தானே வைத்துக்கொண்ட முகவரி அது. அந்த நிலையில் கணினிக்குக் கையால் ஒரு முகவரி கொடுத்து, உதாரணமாக ரவுட்டர் 192.168.1.1 என்றால் கணினிக்கு 192.168.1.50 என்றும் மாஸ்க் 255.255.255.0 என்றும் வைத்து, ரவுட்டருக்குப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் போர்ட் நலமாக இருக்கிறது, முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவைதான் நின்றுவிட்டது. பதில் வராவிட்டால் அந்தப் போர்ட் மென்பொருளில் வேறெங்கோ ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது போர்ட்டே பாதி கெட்டிருக்க வேண்டும்.

ஒதுக்கப்பட்ட போர்ட் என்பது நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் பலரும் அறியாத ஒன்று. வைஃபை வழியாக அமைப்புப் பக்கத்துக்குள் போய் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, தொலைக்காட்சிச் சேவைக்கான ஐபிடிவி பக்கம். அது இயக்கத்தில் இருந்தால் நான்காம் போர்ட் போன்ற ஒன்று செட்டாப் பெட்டிக்கு என்றே தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் கணினியைச் செருகினால் விளக்கு எரியும், இணையம் வராது. இரண்டாவது, ஃபைபர் மோடத்தின் வான் இணைப்புப் பக்கத்தில் உள்ள போர்ட் பிணைப்பு. அங்கே முதல் லேன் போர்ட்டுக்கு மட்டும் குறியிட்டு மற்றவற்றை விட்டிருந்தால், குறியில்லாத போர்ட்டுகளுக்கு இணையம் போகாது. மூன்றாவது, லேன் போர்ட்டின் செயல்முறை. மோடமே ரவுட்டராகச் செயல்பட வேண்டிய போர்ட்டுக்கு அந்தப் பக்கத்தில் குறியிடாமல் விட்டிருந்தால், அது தகவலை அப்படியே கடத்தும் வெறும் பாலமாகவே நிற்கும். இணைப்புக் கொடுக்க வந்தவர் அன்றைக்கு வேண்டியிருந்த ஒரு போர்ட்டை மட்டும் அமைத்துவிட்டுப் போயிருப்பார்; ஓராண்டு கழித்து நாம் இரண்டாம் போர்ட்டை முதன்முறையாகப் பயன்படுத்தும்போது அது ‘கெட்டுப்போய்’ இருப்பதாகத் தோன்றும்.

ரீசெட் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. நாமே வாங்கிய ரவுட்டர் என்றால் தாராளமாகச் செய்யலாம். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடத்தில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிறுவனத்தோடு இணைய மோடத்தில் பதிந்துவைத்த பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் எல்லாம் அழிந்து, ஓடிக்கொண்டிருந்த வைஃபையும் நின்று, ஆள் வரும் வரை காத்திருக்க நேரிடும். எதைத் தொடுவதற்கு முன்பும் அமைப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடி மின்னலுக்குப் பிறகு

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சித்திரை, வைகாசிக் கோடை இடியிலும் போர்ட்டுகள் கொத்தாகச் சாகின்றன. ‘எங்களுடையது ஃபைபர், அதில் மின்சாரம் வராதே’ என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் ரவுட்டரோடு சேர்ந்திருக்கும் செம்புக் கேபிள்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மொட்டைமாடி கேமராவிலிருந்து இறங்கும் கேபிள், அது சேரும் டிவிஆர் என்னும் பதிவுப் பெட்டி, டிவிஆரிலிருந்து ரவுட்டருக்கு வரும் லேன் கேபிள் என்று ஒரு நீண்ட செம்புப் பாதை வானத்தை நோக்கித் திறந்து கிடக்கிறது. பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தாலே அந்த நீளத்தில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, டிவிஆர் வழியாக ரவுட்டரின் ஒரு போர்ட்டுக்குள் பாய்கிறது. சிறிய டிரான்ஸ்ஃபார்மர் தாங்காமல் போனால் அடுத்து அடிபடுவது ஸ்விட்ச் சில்லு. சில்லு ஒன்றே என்பதால் சில நேரம் ஒரு போர்ட்டோடு நிற்கும், சில நேரம் நான்கையும் வான் போர்ட்டையும் கொண்டுபோய்விடும். இயக்கிய இரண்டே நிமிடத்தில் ரவுட்டரின் ஓரிடம் கைவைக்க முடியாத அளவு சூடானாலோ கருகிய வாசனை வந்தாலோ, அதற்கு மேல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

மொட்டைமாடியில் வயர்லெஸ் இணைய ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அந்த ஆன்டெனாவுக்கு லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் சிறிய பெட்டியில் இரண்டு துளைகள் இருக்கும்: ஒன்று ஆன்டெனாவுக்கு, மற்றது ரவுட்டருக்கு. இப்படிக் கேபிள் வழியாக மின்சாரம் கொடுப்பதற்கு பிஓஇ என்று பெயர். தரவிதிப்படி அமைந்த பிஓஇ கருவிகள் மறுமுனையில் மின்சாரம் ஏற்கும் கருவி இருக்கிறதா என்று சோதித்த பிறகே மின்சாரம் அனுப்பும். ஆனால் 24 வோல்ட் எளிய பெட்டிகள் பல எதையும் கேட்காமல் 4, 5, 7, 8 ஆகிய கம்பிகளில் மின்சாரத்தை எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கும். சுத்தம் செய்யும்போது இரண்டு கேபிள்களும் இடம் மாறினால், ரவுட்டரின் போர்ட்டில் உள்ள சிறு மின்தடைகள் கருகலாம். அத்தகைய பெட்டியின் இரு கேபிள்களிலும் வண்ண நாடா சுற்றிவையுங்கள்.

எர்த் இல்லாத பிளக்கில் ஓடும் மேசைக் கணினியைத் தொட்டால் சுருக்கென்று ஓர் உணர்வு வருமே, அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. கணினியின் மின்வழங்கியில் உள்ள வடிகட்டி மின்தேக்கிகளால், எர்த் இல்லாதபோது அதன் உலோக உடல் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி அளவில் மிதந்துகொண்டிருக்கும். சாதாரண லேன் கேபிளில் அது ரவுட்டரை எட்டாது. உலோக முனை வைத்த, கவசமிட்ட கேபிளில் அந்தக் கவசம் வழியாகவே எட்டிவிடும். எர்த்தைச் சரிசெய்யும் வரை பிளாஸ்டிக் முனை உள்ள சாதாரணக் கேபிளே பாதுகாப்பானது.

செத்த போர்ட்டுகளோடு வாழும் வழி

ஒரே ஒரு லேன் போர்ட் மிஞ்சியிருந்தாலும் ரவுட்டரை ஒதுக்க வேண்டியதில்லை. ஐந்து போர்ட் கொண்ட எளிய கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை அந்தப் போர்ட்டில் இணைத்தால், அமைப்பு எதுவும் செய்யாமல் நான்கு போர்ட்டுகள் திரும்பக் கிடைத்துவிடும். வான் போர்ட் மட்டும் செத்து லேன் போர்ட்டுகள் உயிரோடு இருந்தால், ஃபைபர் மோடமே இணையத்துக்கு டயல் செய்யும்படி வைத்து, அதன் கேபிளை ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகி, ரவுட்டரின் டிஹெச்சிபியை நிறுத்தி, அதன் முகவரியை மோடத்தோடு மோதாதபடி 192.168.1.2 போல மாற்றிவிடுங்கள். ரவுட்டர் இனி வைஃபை கொடுக்கும் அணுகுமுனையாகவும் ஸ்விட்ச்சாகவும் வேலை செய்யும். லேன் போர்ட்டுகள் அனைத்தும் செத்து வான் போர்ட் மட்டும் இருந்தால், அணுகுமுனைப் பயன்முறைக்கு மாற்றிப் பாருங்கள். பல ரவுட்டர்களில் அந்த முறையில் வான் போர்ட்டும் லேன் போர்ட்டாகிவிடும். கேபிள் போர்ட் ஒன்றுகூட இல்லை என்றாலும், வைஃபை வழியாகவே வாங்கி வைஃபை வழியாகவே கொடுக்கும் ரிப்பீட்டராக அதை அடுத்த அறையில் வைக்கலாம்.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திறமூல மென்பொருளை ஏற்கும் ரவுட்டர் என்றால் இன்னும் நேர்த்தியான வழி இருக்கிறது. எல்லா போர்ட்டுகளும் ஒரே ஸ்விட்ச்சில் சேர்வதால், எது வான், எது லேன் என்பதை அங்கே நாமே முடிவு செய்யலாம். செத்த வான் போர்ட்டுக்குப் பதிலாக நான்காம் லேன் போர்ட்டை வானாக அறிவித்துவிட்டால் ரவுட்டர் முழு ரவுட்டராகவே தொடரும். 2021இல் வந்த 21.02 பதிப்பிலிருந்து பல மாடல்களில் ஒவ்வொரு போர்ட்டும் தனிப் பெயரோடு காட்டப்படுவதால் இந்த மாற்றம் முன்பைவிட எளிது. மென்பொருளை ஏற்றும் முன் உங்கள் மாடலின் வன்பொருள் பதிப்பு எண்ணையும் சரிபாருங்கள். ஒரே பெயரில் வரும் ரவுட்டர்கள் உள்ளே வேறு வேறாக இருப்பதுண்டு.

பலகையைப் பழுதுபார்ப்பதைப் பொறுத்தவரை, டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போயிருந்தால் நல்ல கைப்பழக்கம் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடையில் மாற்றிவிடலாம். ஸ்விட்ச் சில்லு போயிருந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. உத்தரவாதக் காலம் மிச்சம் இருக்கிறதா என்று திறப்பதற்கு முன் பாருங்கள். திறந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும்.

புதிய ரவுட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவர்கள், பழையதிலிருந்து கழற்றிய நான்கு கேபிள்களையும் அப்படியே புதியதில் செருகிவிட வேண்டாம். எதன் வழியாக அடி வந்தது என்று தெரியாதவரை, அதே பாதை திறந்துதான் கிடக்கிறது. முதல் நாள் கணினியை மட்டும் இணையுங்கள். அடுத்து டிவிஆரின் லேன் போர்ட்டை, விலை குறைந்த பழைய ஸ்விட்ச் ஒன்றில் செருகி, அதில் விளக்கு எரிகிறதா, சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். மொட்டைமாடிக்குப் போகும் கேபிள் எதுவாக இருந்தாலும் அதை நிரந்தரமாக அந்த ஸ்விட்ச் வழியாகவே ரவுட்டருக்குக் கொண்டுவாருங்கள். அடி வந்தால் அதை முதலில் வாங்குவது அந்த மலிவான ஸ்விட்ச்சாக இருக்கும். முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஸ்விட்ச்சுக்கும் ரவுட்டருக்கும் இடையில் செம்பு சிக்னலை ஒளியாகவும் ஒளியைச் செம்பு சிக்னலாகவும் மாற்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டர்களையும் ஒரு மீட்டர் ஃபைபர் பேட்ச் கார்டையும் வைத்து, இரண்டு கன்வெர்ட்டர்களுக்கும் தனித்தனி அடாப்டர் கொடுத்துவிட்டால், அந்த ஒரு மீட்டர் கண்ணாடியைத் தாண்டிச் செம்பு வழியாக எதுவும் ரவுட்டருக்குள் வராது. அது இல்லாத வீடுகளில், வானம் இருட்டிக்கொண்டு முதல் இடி கேட்கும்போது, மாடிக் கேபிளை ரவுட்டரிலிருந்தும் அடாப்டரைப் பிளக்கிலிருந்தும் பிடுங்கிவிடுங்கள். சுவரில் உள்ள மின்சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.